ஆரின் கட்டிய பை

எங்கள் மூன்று பேருக்குள் ஒரு சட்டம் உண்டு. எவனும் தன் பையைத் தானே கட்டக்கூடாது.

எங்கள் குட்டி விமானங்களில் பின்இருக்கைக்குப் பின்னால் கிடக்கும் ஆபத்துப் பையைச் சொல்கிறேன். ஆற்றுத் திட்டில் இறங்கி மாட்டிக்கொண்டால் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். தூங்குபை, தார்ப்பாய், குட்டி அடுப்பு, தீப்பெட்டி, சூப்புப் பொட்டலங்கள், மாற்றுச் சாக்ஸ். முன்பெல்லாம் அவனவன் பையை அவனவனே கட்டிக்கொண்டான். என்ன நடக்கும்? கோடையில் மீன் பிடிக்கப் போகும்போது அடுப்பை எடுப்போம், திருப்பி வைக்க மாட்டோம். பசித்தால் சூப்பைத் தின்போம். ஒரு வருஷம் நிகோலாயின் பையைத் திறந்து பார்த்தால் பாதி விஸ்கி புட்டியும் ஒற்றைக் கையுறையும்தான் இருந்தன.

"இதை வெச்சுக்கிட்டு கரடிக்கு ஷேக் ஹேண்ட் குடுக்கப் போறியா?" என்று கேட்ட ஆரின், அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டான். என் பையை ஆரின் கட்டுவான். ஆரின் பையை நிகோலாய். நிகோலாய் பையை நான். வருஷா வருஷம் ஏப்ரலில் கட்டி, வாயில் கம்பியை முறுக்கி, ஈய வில்லையை இடுக்கியால் நசுக்கி சீல் வைத்துவிடுவோம். உயிர் போகிற நேரம் தவிர அதைத் தொடக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பைக்காரனுக்கே தெரியாது. நண்பன் வைத்திருப்பான் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லவே நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

என் பெயர் வெண்டெல். வில்லோ என்கிற சின்ன ஊரில் கொதிகலன் பழுது பார்ப்பது தொழில். ஆரின் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். நிகோலாய் படகு மோட்டார்கள் பழுது பார்க்கிறான். மூன்று பேருக்கும் பைத்தியம் ஒன்றுதான். மூன்று விமானங்களையும் ஆரினின் கொட்டகையில் நாங்களே கட்டினோம், ஒன்றுக்கு இரண்டு குளிர்காலம் வீதம். குழாய்களைப் பற்றவைத்தோம், இறக்கைக்குத் துணி ஒட்டினோம். துணியை இழுத்துப் பிடிக்க வைக்க ஆரினின் மனைவி மார்னியின் இஸ்திரிப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். அவள் வேறு பெட்டி வாங்கிக்கொண்டாள். புதுப்பெட்டியின் மேல் 'விமானத்துக்கு அல்ல' என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்தாள். கதவோரம் 'பரிசோதனை' என்று பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும் என்பது சர்க்கார் விதி. நாமே கட்டியது, ஏறுகிறவன் யோசித்து ஏறட்டும் என்று அர்த்தம்.

இந்த விமானங்களுக்கு ஓடுதளம் தேவையில்லை. கூழாங்கல் திட்டு போதும். பூசணிக்காய் மாதிரி உப்பிய டயரில் வந்து உட்காரும், நூறடிக்குள் கிளம்பிவிடும். அதனால் எங்கள் பேச்சு முழுக்க முழுக்க எடையைப் பற்றித்தான். ஒரு திருகின் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக்கூட அறுத்து எறிவோம். இருக்கையின் மெத்தையைப் பிய்ப்போம். நான் ஒரு தடவை கதவுக் கைப்பிடியில் ஓட்டை ஓட்டையாகத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது ஆரின் எட்டிப் பார்த்தான்.

"கனம் குறையணும்னா முதல்ல உன் தொப்பையைக் கழட்டி வைடா. கைப்பிடி பாவம், அது என்ன பண்ணுச்சு?"

அவன் பேசலாம். மே மாசம் எங்கள் ஊர் திடலில் நடக்கும் போட்டியில் அதுவரை ஐந்து வருஷமாக அவன்தான் ஜெயித்துவந்தான். தரையில் சுண்ணாம்புக் கோடு. கோட்டிலிருந்து எத்தனை அடியில் கிளம்பினாய், கோட்டைத் தாண்டி எத்தனை அடியில் நின்றாய், இரண்டையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவனுக்குப் பரிசு. பரிசு ஒரு இரும்பு வாணலி. அடியில் ஜெயித்தவன் பெயரையும் அடிக்கணக்கையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆரினின் கொட்டகைச் சுவரில் ஐந்து வாணலி வரிசையாகத் தொங்கும். அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் காபி குடிப்போம். ஒவ்வொரு மடக்குக்கும் அந்த ஐந்தும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும்.

போன மே மாசம், போட்டிக்கு முந்தின நாள், என் கொட்டகையில் தனியாக இருந்தேன். கழற்ற எதுவும் மிச்சமில்லை. பையைப் பார்த்தேன். முப்பது பவுண்டு. சீல் வைத்த பை உள்ளே இருந்தாக வேண்டும் என்பது போட்டி விதி. நடுவர் எட்டிப் பார்த்து ஈய வில்லையைத் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். தூக்கிப் பார்க்க மாட்டார். சீல் வைக்கும் இடுக்கி அந்த வாரம் என்னிடம்தான் இருந்தது.

கம்பியை வெட்டினேன்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஆரின் கட்டிய விதத்தைப் பார்க்கவேண்டுமே! தூங்குபையை ஒரு சாண் உருளையாகச் சுருட்டியிருந்தான். தீப்பெட்டிகளை மெழுகில் முக்கியிருந்தான். மார்னி பின்னிய சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸ், மேலே சிவப்புக் கரை, இன்னும் நூல் முடிச்சுகூடப் பிரியாதது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகர டப்பா. அதைத் திறந்தேன். ஒரு மூக்குக்கண்ணாடி. போட்டுப் பார்த்தேன், என் பவர்! கண்ணாடி உடைந்தால் எனக்கு மூன்றடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதை நினைவில் வைத்து, கண்ணாடிக் கடைக்குப் போய் என் நம்பரை விசாரித்து, எனக்குச் சொல்லாமலே செய்து வைத்திருக்கிறான்.

அதைப் பார்த்த பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. கண்ணாடியையும் எடுத்து மீன் பெட்டியில் போட்டேன். பழைய சோபாவைக் கிழித்து அதன் மஞ்சள் நுரைப்பஞ்சைப் பையில் திணித்தேன். இரண்டு பவுண்டுகூட இல்லை. புது வில்லை வைத்து நசுக்கினேன்.

மறுநாள் நாலடி வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

ஆரின்தான் முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "படுபாவி, எப்படிடா பண்ணே? கடைசியில தொப்பையைக் கழட்டிட்டியா?" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் சிரித்தேன். வாணலியை என் கொட்டகையில் மாட்டினேன். பையை அடுத்த நாளே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அடுத்த வாரமாச்சு. பிறகு கோடை வந்தது, சால்மன் மீன் வந்தது, மறந்தே போனேன். மறந்தேன் என்பது உண்மைதான். ஆனால் செப்டம்பர் கடைசியில் அந்தக் காலையில் மறந்திருந்தேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஆரினும் நிகோலாயும் யென்ட்னா ஆற்றின் மேல்பக்கத்தில் குதிரை அளவு பெரிய ஒரு மூஸ் மானை அடித்திருந்தார்கள். மூன்று நடை ஏற்றியாகிவிட்டது. கடைசி நடைக் கறி திட்டிலேயே துணிப்பையில் தொங்கியது. மறுநாள் முதல் பனிமூட்டம் என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆரின் விமானத்தின் எஞ்சின் அக்கக்காகக் கிடந்தது. நிகோலாய்க்கு மத்தியானம் வரைக்கும் ஒரு படகு மோட்டாரை முடித்துக் கொடுக்கும் அவசரம்.

"உன் குருவியைக் குடுடா. நாப்பது நிமிஷம் போக, நாப்பது நிமிஷம் வர. சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்றான் ஆரின்.

என் விமானம் அவன் கொட்டகை வாசலில் நின்றது. மார்னி ரொட்டியும் காபியும் கொண்டுவந்தாள். ஆரின் பின்பக்கம் குனிந்து பையைத் தட்டினான். அப்போதுதான் எனக்கு உள்ளே இருக்கும் பஞ்சு ஞாபகம் வந்தது.

"பாரு நிகோலாய், நான் கட்டின பை எனக்கே வருது. இதோட ஒரு வாரம் மாட்டிக்கிட்டாலும் நான் குண்டாத்தான் திரும்பி வருவேன்."

சொல்லிவிடத்தான் நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? நாலடி பொய்யாகும். வாணலி பொய்யாகும். மார்னி எதிரிலேயே நிற்கிறாள். வானம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நாற்பது நிமிஷம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?

"உன் பையை எடுத்துக்கோயேன்" என்றேன், மெதுவாக.

"எதுக்கு? ஒரு விமானத்துக்கு ரெண்டு பையா?"

"இல்ல, என் பையை எடுத்துட்டு உன்னுதை வெச்சுக்கோ. உனக்குப் பழக்கமா இருக்கும்னு..."

"என் பையை நிகோலாய் கட்டினான். அதுல விஸ்கிதான் இருக்கும்" என்று சிரித்தான் ஆரின். "உன் பையில என்ன இருக்குன்னு எனக்கு அத்துபடி. அதுவே போதும்."

இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வம்புக்கு அந்தப் பையைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். பேசவில்லை. "டயர்ல காத்து கம்மி, பாத்து இறக்கு" என்று மட்டும் சொன்னேன். அவன் கையை ஆட்டினான், எண்பதடியில் கிளம்பினான், போய்விட்டான்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆள் வராததால் நானும் நிகோலாயும் அவன் வீட்டில் காத்திருந்தோம். மூன்று மணிக்கு மார்னியின் போன் கிணுகிணுத்தது. அவன் சட்டைப்பையில் செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பும் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். மார்னி சத்தமாகப் படித்தாள்.

"கறி ஏத்தியாச்சு. கிளம்பும்போது கல்லுல பட்டு வால் சக்கரம் முறிஞ்சுது. எனக்கு ஒண்ணும் இல்ல. பனி இறங்குது. பை இருக்கு. யாரும் வராதீங்க."

"வால் சக்கரமா! இன்னும் ரெண்டு நாளைக்கு வெண்டெல் இவரைத் திட்டியே தீர்த்துடுவான்" என்றாள் மார்னி. நான் ஏதோ சிரித்து வைத்தேன்.

அவள் எங்களை உட்காரவைத்து ப்ளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட அப்பத்தை அறுத்துக் கொடுத்தாள். ஜன்னலோரம் நின்ற நிகோலாய் மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முன்னோர்கள் அந்த ஆற்றுக்காரர்கள், அதன் முகம் அவனுக்குத் தெரியும்.

"ஆத்து மேல கொஞ்சம் வெளுத்திருக்கு" என்றான். "ரெண்டு மணி நேரம் தாங்கும். இப்பக் கிளம்பினா ஒரே ஓட்டமா போய்த் தூக்கிட்டு வந்துடலாம். என்ன சொல்றே வெண்டெல்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் ப்ளூபெர்ரி.

"அவன்தான் வேண்டாங்கறானே" என்றேன். "பை இருக்கு இல்ல?"

இதைச் சொன்னது நான்தான். இந்த வாய்தான். பை இருக்கு இல்ல! இன்றைக்கும் ப்ளூபெர்ரி வாசனை வந்தால் எழுந்து போய்விடுகிறேன்.

"அதுவும் சரிதான்" என்றாள் மார்னி. "தூங்குபை புதுசு. நான் போட்ட சாக்ஸும் இருக்கு. மனுஷன் ராஜா மாதிரி தூங்குவார்." நிகோலாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஐந்தரை மணிக்கு ஆற்றுப் பக்கம் மொத்தமும் மூடிக்கொண்டது. பிறகு ஈரப்பனி பெய்ய ஆரம்பித்தது.

அன்று ராத்திரி நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

காலையில் மறுபடியும் போனேன். பையைத் திறந்திருப்பான், சேதி வந்திருக்கும், மார்னி வாசலிலேயே என் மூஞ்சியில் காறித் துப்புவாள், துப்பட்டும் என்றுதான் போனேன். அவள் சிரித்த முகத்தோடு போனை நீட்டினாள்.

"நல்லாத் தூங்கினேன். சூப்பு ஜோர். வெண்டெல் கிட்ட சொல்லு, பையில எல்லாம் நான் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்படி வெளிறிப் போயிட்டே? அதான் நல்லா இருக்காரே" என்றாள் மார்னி.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சேதியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, காட்டிக்கொடுக்க மாட்டான் என்று. சூப்பும் இல்லாமல் தீப்பெட்டியும் இல்லாமல் ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். இங்கே அவன் வீட்டு அடுப்பங்கரையில் நின்றுகொண்டு எனக்கு நிம்மதி! முழுசாக ஒரு மணி நேரம் அந்த நிம்மதியோடு வண்டி ஓட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு தாங்கவில்லை. நிகோலாயின் பட்டறைக்குப் போனேன்.

"நிகோலாய், கிளம்பு. ஆரினைக் கூட்டிட்டு வரணும்."

"பைத்தியமா? வெளிய பாரு, மூக்கு நுனி தெரியல. அவன் தூங்குபைக்குள்ள குறட்டை விட்டுக்கிட்டு இருப்பான்."

"தூங்குபை இல்ல."

"என்ன இல்ல?"

"பையில ஒண்ணும் இல்ல. சோபா பஞ்சுதான். போட்டிக்காக நான் எடுத்துட்டேன். மே மாசம்."

அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் கிளம்பும்போது உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நேத்து நான் ஜன்னல்கிட்ட நின்னு கேட்டப்போ?"

என் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்திருக்க வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "அவன் சிகரெட்டை விட்டு எட்டு மாசம் ஆச்சு. பாக்கெட்ல லைட்டர்கூட இருக்காதுடா" என்று சுவரிடம் சொன்னான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஜோட்டை மாட்டினான்.

அன்றைக்கு இரண்டு தடவை கிளம்பினோம், இரண்டு தடவையும் பாதியில் திரும்பினோம். மரத்தின் உச்சி கண்ணாடியில் உரசுகிற மாதிரி வந்தது. சர்க்கார் மீட்பு ஆட்களையும் கூப்பிட்டான் நிகோலாய். பனி விலகினால் வருகிறோம் என்றார்கள். பனி ராத்திரிதான் விலகியது. விலகியதும் குளிர் இறங்கியது. விடியும்போது என் வாசல் வாளித் தண்ணீரில் ஒரு விரற்கடைப் பனிக்கட்டி. வெளிச்சம் வந்தவுடன் கிளம்பினோம். நிகோலாயின் விமானத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். முன்னால் அவன், பின்னால் நான்.

திட்டு தெரிந்தது. என் விமானம் வாலைத் தரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறக்கைக்குக் கீழே மூஸ் மானின் தோலைப் போர்த்திக்கொண்டு ஒரு உருவம். சத்தம் கேட்டு அது எழுந்து நின்றதும் எனக்கு மூச்சு வந்தது. நின்ற வேகத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஓடினேன். ஆரினின் உதடு நீலமாக இருந்தது. சட்டைக் கழுத்திலிருந்தும் கால்சட்டை நுனியிலிருந்தும் மஞ்சள் பஞ்சு பிதுங்கியது. என் சோபாவை உடம்பெல்லாம் திணித்துக்கொண்டிருந்தான். நிகோலாயைப் பார்த்ததும் பஞ்சை அவசர அவசரமாக உள்ளே தள்ளினான்.

"வந்துட்டீங்களா?" என்றான். பல் தந்தியடித்தது. "சூப்பு முழுக்க நானே குடிச்சுட்டேன். உங்களுக்கு மிச்சம் வெக்கல."

"என்ன சூப்பு?" என்றான் நிகோலாய்.

"தக்காளி."

"நான் சொல்லிட்டேன், ஆரின்" என்றேன். "அவனுக்கு எல்லாம் தெரியும்."

ஆரின் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவன் முன்னால் கல்லில் மண்டியிட்டேன். "எனக்காக நீ ஏன்டா பொய் சொன்னே? ஒரு வரி எழுதியிருந்தா..."

"உனக்காகவா?" கண்ணைத் திறந்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "போடா. உன் மானத்துக்கு நான் காவல்காரனா? பை காலின்னு எழுதினா நீங்க ரெண்டு கோட்டானும் பனிக்குள்ள கிளம்பி வருவீங்க. ஆத்துல ரெண்டு பொணத்தை நான் தேடணும். அதுக்குத்தான்."

பிறகு சொன்னான்: "பேட்டரிக் கம்பியை உரசி ரெண்டு தடவை தீ மூட்டினேன். ஈர விறகு, நிக்கல. கறி ஏத்தும்போது ஜோட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி போயிடுச்சு. இடது கால் நேத்து சாயங்காலம் வரைக்கும் வலிச்சுது. இப்ப வலிக்கல." வலிக்கவில்லை என்பதுதான் கெட்ட செய்தி என்று மூன்று பேருக்குமே தெரியும். "மார்னிகிட்ட சொல்லாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா நம்ம மூணு பேர் சேர்ந்து இனிமே சைக்கிள்கூட ஓட்ட முடியாது."

ஆரினைப் பின்இருக்கையில் ஏற்றினோம். எனக்கு இடமில்லை. நான் திட்டிலேயே இருக்கவேண்டும், நிகோலாய் புது வால் சக்கரத்தோடு திரும்பி வரும்வரை. கதவை மூடும் முன் நிகோலாய் என்னைப் பார்த்தான்.

"உனக்குப் பை வேணுமா? உன் பைதான் இங்கயே இருக்கே."

சொல்லிவிட்டுத் தன் பையைத் தூக்கி என் காலடியில் எறிந்தான். "நீ கட்டினது. முழுசா இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.

அந்தப் பையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். ஆரின் பட்டதை நானும் படவேண்டும் என்று. பெரிய தியாகி! ஒரு மணி நேரம் தாங்கியது. காற்று கிளம்பியதும் கம்பியை அறுத்துவிட்டு, தூங்குபைக்குள் நுழைந்து, அடுப்பைப் பற்றவைத்துச் சூப்பு குடித்தேன். வெயில் வேறு அடித்துக்கொண்டிருந்தது. அவன் இரண்டு ராத்திரி இருந்த இடத்தில் எனக்கு ஒரு மணி நேரம்தான் முடிந்தது.

ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆரின் ஒரு வார்த்தையும் விடவில்லை, நிகோலாயும் விடவில்லை. நிகோலாய் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தான். ஒரே ஒரு தடவை என் கொட்டகை வழியாகப் போகும்போது சுவரைக் காட்டி, "அதை இறக்கு" என்றான். வாணலியை இறக்கி வண்டியின் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். மறைத்து வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிற புத்தி எனக்கு மாறவே இல்லை பாருங்கள்.

நவம்பரில் மார்னி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ராத்திரி சாக்ஸ் மாத்தினேன்னு அவர் சொன்னதும் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? காஞ்ச சாக்ஸ் மட்டும் இல்லாம இருந்தா பாதமே போயிருக்கும்னு. உன் பையில இருந்த சாக்ஸ்தான் அவர் காலைக் காப்பாத்துச்சு. அதான் உனக்குப் புது ஜோடி போட்டேன்." பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும் வெண்டெல்? அந்தப் பனியில ரெண்டு தடவை கிளம்பினியாமே, நிகோலாய் சம்சாரம் சொன்னா." என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அடித்திருக்கலாம். அந்தக் கையால் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. மூன்று நாள் அது மேஜையில் கிடந்தது. நாலாவது நாள் காலை கொட்டகைக்குப் போய், மீன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு ஆரின் வீட்டுக்குப் போனேன்.

ஆரின் அடுப்பங்கரையில், கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்னி ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் மீன் பெட்டியைப் பார்த்ததும் ஆரினுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் பெட்டியை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். தூங்குபை. அடுப்பு. மெழுகில் முக்கிய தீப்பெட்டி. ஆறு சூப்புப் பொட்டலம், தக்காளி. கண்ணாடி டப்பா. கடைசியாகச் சாம்பல் நிறச் சாக்ஸ், சிவப்புக் கரை, நூல் முடிச்சுகூடப் பிரியாதது.

"இது அவன் எனக்குக் கட்டின பை" என்றேன். "போட்டியில ஜெயிக்க எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவன் போகும்போது உள்ள வெறும் பஞ்சு. எனக்குத் தெரியும். சொல்லல. அன்னிக்கு சாயங்காலம் இதே மேஜையில உக்காந்து 'பை இருக்கு இல்ல?'ன்னு கேட்டேன்."

மார்னி கத்தியைக் கீழே வைத்தாள். சாக்ஸை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தன் கை போட்ட முடிச்சை விரலால் தொட்டாள்.

"மார்னி, இங்க பாரு..." என்றான் ஆரின்.

"நீங்க பேசாதீங்க. சூப்பு குடிச்சவர்தானே நீங்க?"

அவள் கீழே உட்கார்ந்தாள். ஆரினின் வலது காலில் ஒரு சாக்ஸை மாட்டினாள். இடது காலின் கட்டு மேல் இன்னொன்றை மெதுவாக இழுத்துவிட்டாள். முன்பக்கம் விரல் இருக்கவேண்டிய இடத்தில் கம்பளி காலியாகத் தொங்கியது. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஊசி நூல் எடுத்துவந்து, அந்தக் காலி இடத்தை மடித்து, அவன் காலில் இருக்கும்போதே தைத்தாள். ஒவ்வொரு தையலாக. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வாணலி எங்க?"

"வண்டியில."

"எடுத்துட்டு வா. அவருக்கு முட்டை பொரிக்கணும்."

எடுத்துவந்து கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தாள். என் பெயரையும் அடிக்கணக்கையும் படித்தாள். துடைக்கவும் இல்லை, சுரண்டவும் இல்லை, அப்படியே அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டினாள். வெண்ணெய் உருகும் முன்பே அடியில் பெயிண்ட் கருக ஆரம்பித்தது. என் பெயர் எரிந்து அடுப்பங்கரை முழுக்க நாறியது. ஆரின் இருமினான், எனக்குக் கண் எரிந்தது. யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. மார்னி மூன்று முட்டைகளை உடைத்து ஊற்றினாள். மூன்றையும் ஆரினின் தட்டிலேயே போட்டாள்.